பூனைக்குட்டிகளுக்குப் பச்சை இறைச்சி பழக்குவது: எப்போது, எப்படி? (திருகோணமலை)

#1 மாடித்தோட்டம் (ஒர்ஸ்ஹில்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஒரு தெருப்பூனை நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. தாய் எங்களோடு நன்றாகப் பழகிவிட்டது, குட்டிகளைத் தொடவும் விடுகிறது. அவை கண் திறந்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. தள்ளாடித் தள்ளாடி நடக்கின்றன. முன்பற்கள் தெரிகின்றன, கோரைப்பல் இப்போதுதான் முளைத்து வருகிறது. நான்கையும் நல்லபடியாக வளர்த்து, இரண்டை நம்பிக்கையான வீடுகளுக்குக் கொடுத்து, இரண்டை நாங்களே வைத்துக்கொள்ள விருப்பம்.

பால் மறக்கச் செய்யும்போதே பச்சை இறைச்சிக்குப் பழக்கலாம் என்று பல இடங்களில் வாசித்தேன். பூனை ஊன் உண்ணும் பிராணிதானே, அதுதான் இயற்கை என்கிறார்கள். 2022இல் விலை ஏறியதில் இருந்து பைக்கற்றில் வரும் குட்டித் தீனை மட்டும் நம்பி நான்கு குட்டிகளை வளர்ப்பது எங்களுக்குக் கடினம். சில மாதங்களில் டவுனில் கிடைப்பதும் இல்லை. ஆனால் கோழியும் மாடும் மீனும் இங்கே புதிதாகவே கிடைக்கின்றன.

எந்த வயதில் தொடங்குவது? எந்த இறைச்சி, எவ்வளவு? எலும்பு கொடுக்கலாமா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னுடைய மாமி சுத்த சைவம். வீட்டில் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்தான். அவர் மனம் நோகாமல் இதைச் செய்ய வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

#2 பாலையூற்று அம்மம்மா

பிள்ளை, முதலில் தாயிடம் இருந்து குட்டிகளைப் பிரிக்காதேங்கோ. எது தின்பது, எப்படித் தின்பது என்பதைத் தாய்தான் காட்டிக் கொடுக்கும். இன்னும் கொஞ்ச நாளில் அது பல்லியோ எலியோ பிடித்துக் கொண்டுவந்து குட்டிகளுக்கு முன்னால் போடும், பாருங்கோ. நாங்கள் அந்தக் காலத்தில் பசும்பாலில் சோறு கரைத்து வைத்துத்தான் வளர்த்தோம். அவையும் வளர்ந்தன. தாய்க்கு நிறையச் சாப்பாடு கொடுங்கோ, அதுதான் முதல் வேலை.

#3 கடற்காற்று (உப்புவெளி)

தங்கச்சி, நான் பல வருடங்களாக என்னுடைய பூனைகளுக்குப் பச்சை இறைச்சிதான் கொடுக்கிறேன். தாயில்லாமல் வந்த குட்டிகளையும் இதிலேயே வளர்த்திருக்கிறேன். செய்யலாம். ஆனால் அவசரம் கூடாது.

கோரைப்பல் முளைக்கிறது என்றால் உங்களுடையவை மூன்றரை, நான்கு கிழமைக் குட்டிகள். தொடங்கச் சரியான நேரம். தோல் நீக்கிய கோழித் தொடை இறைச்சியைக் கரண்டியின் விளிம்பால் சுரண்டினால் பசைபோல வரும். அதில் ஒரு கடலை அளவு எடுத்து விரலில் வைத்து வாயருகே பிடியுங்கள். முகர்ந்துவிட்டுத் திரும்பினால் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து திணிக்கவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கொஞ்சம் மேலுதட்டில் தடவினால் தானாகவே நக்கும். ருசி பிடித்துவிட்டால் விரலைக் கடித்து இழுக்கும், சின்னதாக உறுமும். அந்த உறுமலைக் கேட்கும்போது வருகிற சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

முதல் சில நாட்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவை அந்தக் கடலை அளவு மட்டும். மலம் இறுக்கமாக இருந்தால் இரண்டு தடவை, பிறகு மூன்று, நான்கு. தாய்ப்பால் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கட்டும். ஆறு கிழமையில் சின்னத் துண்டுகளைக் கடிக்கத் தொடங்கும். எட்டாவது கிழமை அளவில் முழுவதும் இறைச்சிக்கு வந்துவிடலாம். பால் மறந்த குட்டிக்கு ஒரு நாளைக்கு அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்து, நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கேட்டால் இன்னும் கொடுங்கள். வளர்கிற குட்டிக்குச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை.

இறைச்சி உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததைச் சின்னப் பொலித்தீனில் போட்டு, வெந்நீர்க் கோப்பையில் கொஞ்ச நேரம் வையுங்கள். குளிர்ந்த இறைச்சியைக் குட்டி தொடாது, தொட்டாலும் வயிறு கெடும்.

எங்கள் ஊர் எறும்புக்கு: தட்டை, தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் வையுங்கள். தண்ணீர் விரல் நனையும் அளவுக்கு மேல் வேண்டாம், குட்டிகள் விழும்.

#4 சீனக்குடா

நான் இதற்கு முற்றிலும் எதிர். எங்கள் வீட்டில் தவழ்கிற பிள்ளை இருக்கிறான். பூனை இறைச்சியை நிலத்தில் இழுத்துத் தின்கிறது, பிள்ளை அதே நிலத்தில் கை வைத்து வாயில் வைக்கிறான். கோழி இறைச்சியில் சல்மனெல்லாவும் கம்பிலோபக்டரும் சாதாரணமாக இருக்கிற கிருமிகள். பூனைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதன் மலத்தில் வெளியே வரும். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012இலேயே நாய் பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று கொள்கையாகவே அறிவித்துவிட்டது. அவித்துக் கொடுப்பதில் என்ன குறை? நான் அவித்த கோழிதான் கொடுக்கிறேன்.

#5 பேராதனை மாணவி (சாம்பல்தீவு)

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்னும் டொக்டர் ஆகவில்லை. அதனால் இது மருத்துவ ஆலோசனை இல்லை, படித்ததையும் மருத்துவமனை மேசையில் பார்த்ததையும் சொல்கிறேன்.

பச்சையா அவித்ததா என்று இங்கே வாதம் போகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி கல்சியம் எங்கே என்பது. இந்த இழையில் இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. கடற்காற்று அக்கா எலும்பைப் பற்றி எழுதவில்லை, சீனக்குடா அண்ணாவும் "அவித்த கோழி" என்று நிறுத்திவிட்டார். வெறும் சதையைப் பச்சையாகக் கொடுத்தாலும் ஒன்றுதான், அவித்துக் கொடுத்தாலும் ஒன்றுதான், குட்டியின் எலும்பு கரையும்.

காரணம் இதுதான். சதை இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகச் சொற்பம். ஒரு பங்கு கல்சியத்துக்குப் பதினைந்து இருபது பங்கு பொஸ்பரஸ் இருக்கும். வளரும் குட்டிக்குத் தேவை ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று, கல்சியம் கொஞ்சம் கூட இருந்தால் நல்லது. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது. ஆகவே உடம்பு விடாது, பாராதைரொயிட் சுரப்பியைத் தூண்டி எலும்பில் இருக்கிற கல்சியத்தை உருவி எடுக்கும். இது தெரிய வருவதற்கு மாதக்கணக்கு தேவையில்லை, சில கிழமைகள் போதும். நேற்றுவரை ஓடி விளையாடிய குட்டி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். தூக்கினால் கத்தும். பின்னங்கால் நொண்டும். கதிரையில் இருந்து குதித்ததற்கே தொடை எலும்பு முறியும். இடுப்பெலும்பு ஒடுங்கிப்போய் மலம் கழிக்க முடியாமல் வருகிற குட்டிகளும் உண்டு. வீட்டுக்காரர் எல்லோருமே ஒரே விதமாகத்தான் சொல்வார்கள்: "நல்ல இறைச்சி மட்டும்தான் கொடுத்தோம்." அன்போடு கொடுத்ததுதான், அதில் சந்தேகம் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

காட்டில் பூனை சதையை மட்டும் தின்பதில்லை. எலியை எலும்போடு, ஈரலோடு, குடலோடு முழுதாகத் தின்கிறது. அந்த முழு எலிக்கு ஈடாக நாம் தட்டில் என்ன வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

கல்சியத்துக்கு இரண்டு வழி. ஒன்று, கோழிக் கழுத்தை எலும்போடு நன்றாக அரைத்துச் சேர்ப்பது. கிரைண்டர் பலமாக இருக்க வேண்டும், கையில் நசுக்கிப் பார்த்தால் கூர்த் துண்டு படக்கூடாது. மற்றது முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, காயவைத்து, மாப்போல அரைக்க வேண்டும். எலும்பில்லாத இறைச்சி ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் வரை, அதாவது நிரம்பிய ஒரு தேக்கரண்டி. எலும்பு அரைத்துச் சேர்த்தால் ஓடு வேண்டாம், இரண்டையும் சேர்த்தால் மலம் கட்டும்.

அடுத்தது டோரின். இந்த அமினோ அமிலத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு செய்துகொள்ளாது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் பெரிதாகித் தளர்ந்துபோகும். 1987இல்தான் இந்த இதய நோய்க்கும் டோரினுக்கும் உள்ள தொடர்பை உறுதியாகக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகே பைக்கற் தீன்களில் டோரினைக் கூட்டினார்கள். கோழியின் நெஞ்சு இறைச்சியில் இது குறைவு. தொடை இறைச்சியிலும் இதயத்திலும் கூட. தண்ணீரில் கரையும், ஆகவே அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் டோரினும் போய்விடும். அவிப்பவர்கள் குறைந்த தண்ணீரில் அவித்து அந்தச் சாற்றோடு கொடுங்கள்.

ஈரல் அவசியம். கரட்டில் இருந்து விற்றமின் ஏ செய்யப் பூனைக்குத் தெரியாது, விலங்கிடம் இருந்தே எடுக்க வேண்டும். ஆனால் கிலோவுக்கு 50 கிராம் போதும். விருப்பமாகத் தின்கிறது என்று தினமும் ஈரலையே வைத்தால் கழுத்தெலும்பு இறுகித் தலையைத் திருப்ப முடியாமல் போய்விடும்.

அம்மம்மா, குறை நினைக்க வேண்டாம், பசும்பால் மட்டும் வேண்டாமே. பூனைத் தாய்ப்பாலில் இருக்கிற புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இல்லை. லக்ரோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். பால்மாவும் அதே கதைதான். தாயைப் பிரிக்கக்கூடாது, தாய்க்கு நிறையக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

#6 கிண்ணியா இறைச்சிக்கடை

தங்கச்சி, எங்களுடையது பரம்பரை இறைச்சிக்கடை. பூனைக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: அரைத்து வைத்த இறைச்சியை எங்கேயும் வாங்காதீர்கள். துண்டாக வாங்கி வீட்டில் அரையுங்கள். அரைத்தால் மேலே இருந்த கிருமி உள்ளே முழுக்கக் கலந்துவிடும், இந்த வெயிலில் ஒரு மணித்தியாலத்திலேயே மணம் மாறத் தொடங்கும். விடியப் பார்த்து வாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு தொங்குகிற இறைச்சியைச் சமைக்க எடுக்கலாம், பச்சையாகக் கொடுக்க எடுக்க வேண்டாம்.

மாட்டு இதயம் கேளுங்கள். சனம் குறைவாக வாங்குகிற பகுதி, விலையும் குறைவு, முழுக்கத் தசை. மேலே இருக்கிற கொழுப்பையும் குழாய்களையும் வெட்டித் தரச் சொன்னால் தருவோம். போயா அன்று இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு என்பதை மறக்காமல் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

#7 திருக்கடலூர் வலை

ஏன் எல்லோரும் இறைச்சியிலேயே நிற்கிறீர்கள்? எங்கள் கரையில் வலை இழுக்கும்போது வருகிற பூனைகளைப் பாருங்கள். சூடையும் நெத்தலியும் பச்சையாகத்தான் தின்கின்றன. குட்டி போடுகின்றன, குட்டிகளும் அதையே தின்கின்றன. கடற்கரையில் இருந்துகொண்டு கோழிக்குக் காசு கொடுப்பது தேவையில்லாத செலவு.

#8 பேராதனை மாணவி

அண்ணா, கரையில் நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்த பூனைகளை. பிழைக்காத குட்டிகள் நம் கண்ணில் படுவதில்லை. அங்கே நிற்கிற பூனைகள் எலியும் ஓணானும் பிடித்துத் தின்பவை, மீன் மட்டும் அல்ல.

சூடை, சாளை, நெத்தலி வகைகளில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது விற்றமின் பி1ஐ அழிக்கும். பச்சையாக அதையே தொடர்ந்து கொடுத்தால் முதலில் பசி போகும், பிறகு கழுத்து மடிந்து நாடி நெஞ்சில் முட்டும், வலிப்பும் வரும். நல்ல செய்தி, அவித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே சூடையை அவித்து முள் எடுத்து, கிழமைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை கொடுத்தால் அருமையான உணவு. அதில் இருக்கிற மீனெண்ணெய் மூளைக்கும் கண்ணுக்கும் நல்லது. தினமும் சூரை போன்ற எண்ணெய் மீனை மட்டுமே கொடுத்தால் விற்றமின் ஈ பற்றாமல் உடம்புக் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே வலிக்கும்.

கருவாடு, மாசி வேண்டாம், உப்பு. வலையில் சேர்ந்து வருகிற பேத்தை மீனை எந்தப் பூனைக்கும் போட்டுவிடாதீர்கள். அதன் நஞ்சு அவித்தாலும் போகாது.

#9 திருக்கடலூர் வலை

பேத்தையை நாங்கள் பூனைக்கு எட்டாமல் புதைத்துவிடுவோம், அது தெரியும். சூடை விசயம் புதிது. கரைக்கு வருகிற குட்டிகளுக்கு இனி வீட்டில் அவித்ததையும் கொஞ்சம் கொண்டுபோய் வைக்கிறேன். மாடித்தோட்டம் தங்கச்சிக்குச் சூடை தேவை என்றால் விடியக் காலையில் கரைக்கு வரலாம். ஒரு குடும்பத்துப் பூனைக்கு எவ்வளவு வேண்டும், அதற்குக் காசு வேண்டாம்.

#10 கடற்காற்று

தங்கச்சி மாணவி சொன்ன கல்சியக் கணக்கு சரிதான். நான் கோழிக் கழுத்தை எலும்போடு இரண்டு தடவை அரைத்துத்தான் எப்போதும் சேர்ப்பேன். முதல் சில நாள் வெறும் சதை, பசையாக இருக்க வேண்டும் என்பதற்காக. பால் ஓடுகிறபோது அதனால் கெடுதல் இல்லை.

ஆனால் பச்சையைக் கைவிடு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1932 முதல் 1942 வரை கலிபோர்னியாவில் பொட்டெஞ்சர் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்துச் செய்த சோதனை தெரிந்திருக்கும். பச்சை இறைச்சி தின்ற பூனைகள் தலைமுறை தலைமுறையாக நன்றாக இருந்தன. சமைத்த இறைச்சி தின்றவை பல் கெட்டு, எலும்பு மெலிந்து, கடைசியில் குட்டியே போட முடியாமல் போயின. என்னுடைய பூனைகளின் ரோமத்தையும் பல்லையும் நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மலம்கூடக் குறைவு, மணமும் குறைவு. பச்சை இறைச்சியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். காய்ந்த தீனில் பத்தில் ஒரு பங்குதான். தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற பிராணிக்கு இது பெரிய விசயம்.

#11 பேராதனை மாணவி

அக்கா, தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் உண்மை, ஆண் பூனைகளின் சிறுநீர்க் கோளாறைப் பார்க்கிற எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவித்த இறைச்சியிலும் சாற்றோடு கொடுத்தால் அந்த நன்மை இருக்கிறது.

பொட்டெஞ்சர் சோதனை செய்த காலத்தில் பூனைக்கு டோரின் அவசியம் என்று யாருக்கும் தெரியாது. சமைத்ததில் அது குறைந்துபோனது அந்தப் பூனைகள் கெட்டதற்குப் பெரிய காரணமாக இருக்கலாம் என்றே இன்று சொல்கிறார்கள். அப்படியானால் குறை நெருப்பில் இல்லை, குறைந்ததைத் திருப்பிச் சேர்க்காததில் இருக்கிறது. இன்று நாம் சேர்க்கலாம்.

இன்னொன்று அண்மைக் காலத்தில் வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறைய வைத்து விற்ற பச்சை வான்கோழித் தீன் தின்ற வீட்டுப் பூனை ஒன்று H5N1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. வெளியே போகாத பூனை. தீனில் இருந்த வைரசும் பூனையில் இருந்ததும் ஒன்றே என்று ஆய்வுகூடத்தில் உறுதிசெய்தார்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறோம். புழுக்களின் சில பருவங்கள் சாகும், டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் நன்றாக உறைந்து சில நாள் கிடந்தால் சாகும். சல்மனெல்லா சாகாது, இந்த வைரசும் சாகாது. வளர்ந்த பூனை தாங்குகிற ஒரு கிருமியை அரைக் கிலோக் குட்டி தாங்காது. என்னுடைய தயக்கம் முழுக்க அந்த முதல் சில மாதங்களைப் பற்றியதுதான்.

#12 சீனக்குடா

ஓம், கல்சியம் விசயம் எனக்குப் புதிது. எங்கள் பூனைக்கு இப்போது ஐந்து மாதம். அவித்த கோழியோடு பைக்கற் தீனும் பாதி தின்கிறது. பயப்பட வேண்டுமா?

#13 பேராதனை மாணவி

பாதி தீன் என்றால் பயம் குறைவு அண்ணா. அவித்த பங்குக்கு இன்றில் இருந்தே முட்டை ஓடு சேருங்கள். நொண்டுகிறதா, தூக்கினால் வலிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி ஏதும் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

#14 மாடித்தோட்டம்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. கடற்காற்று அக்கா சொன்னபடி தொடைச் சதையைச் சுரண்டி விரலில் வைத்தேன். இரண்டு குட்டிகள் உடனே பிடித்துக்கொண்டன, கறுப்பு மட்டும் திரும்பிப் படுத்துவிட்டது. இன்று சாம்பல் நிறக் குட்டிக்கு மலம் இளகிப் போகிறது, ஆனால் விளையாடுகிறது. நிறுத்தவா, தொடரவா?

இன்னொரு கவலை. என்னுடைய மச்சாள் மூதூரில் இருந்து வந்து எங்களோடு தங்கப் போகிறார். மூன்று மாதக் கர்ப்பம். பூனை இருந்தால் ஆபத்து என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். தாய்ப்பூனையையும் குட்டிகளையும் வெளியேற்று என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு நித்திரை வரவில்லை.

#15 கடற்காற்று

சாம்பல் குட்டிக்கு இன்று இறைச்சியை நிறுத்தித் தாய்ப்பாலை மட்டும் விடுங்கள். நாளை மலம் இறுகினால் பாதி அளவில் திரும்பத் தொடங்குங்கள். பெரும்பாலும் ஒரேயடியாகக் கூடக் கொடுத்ததால் வருவது. ஆனால் குட்டியைப் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சின்னக் குட்டியின் உடம்பில் சேமிப்பு இல்லை, சில மணித்தியாலங்களிலேயே சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

கறுப்புக் குட்டி தாமதமாக வரும், விடுங்கள். தாய் தின்னும்போது பக்கத்தில் இருக்க விடுங்கள். தாயின் வாயை முகர்ந்தே பாதிக் குட்டிகள் பழகிவிடும்.

#16 பேராதனை மாணவி

சமையல் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள் அக்கா. ஒரு நாளைக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு மாதக் குட்டி ஏறக்குறைய 450 கிராம், இரண்டு மாதத்தில் 900 கிராம் என்பது நல்ல அடையாளம். எடை ஏறாமல் நின்றாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ, தோலைக் கிள்ளிவிட்டால் உடனே விழாமல் நின்றாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

மலம் இளகுவதற்கு இறைச்சி மட்டும் காரணம் என்று முடிவெடுக்க வேண்டாம். தெருப்பூனைக் குட்டி என்றால் புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே வருகிறது. மூன்று கிழமையில் இருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம், தாய்க்கும் சேர்த்து. அளவு எடையைப் பொறுத்தது, ஆகவே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். பரசிட்டமோல் பூனைக்கு உயிர்கொல்லி, காய்ச்சல் என்றாலும் கொடுக்கக்கூடாது.

மச்சாள் விசயத்துக்கு வருகிறேன். ஒருவரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. அவர்கள் பயப்படுவது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மாவுக்கு. அது பூனைக்கு வருவதே பச்சை இறைச்சியாலும் வேட்டையாலும். முதல் தடவை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று கிழமை வரை அதன் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை பிறரைத் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். எனவே மலத்தைத் தினமும் எடுத்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். அந்த வேலையை மச்சாள் செய்யக்கூடாது, நீங்கள் கையுறை போட்டுச் செய்யுங்கள். தோட்ட மண்ணிலும் அவர் வெறுங்கையோடு வேலை செய்ய வேண்டாம். அவர் சாப்பிடுகிற இறைச்சி நன்றாக வெந்திருக்கட்டும், மரக்கறியை நன்றாகக் கழுவட்டும், ஏனென்றால் மனிதருக்குப் பெரும்பாலும் அந்த வழியில்தான் தொற்றுகிறது. சுகாதார மருத்துவ மாதுவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்.

அவர் உங்கள் வீட்டில் இருக்கும்வரை பச்சை இறைச்சியை நிறுத்தி அவித்ததற்கு மாறுங்கள் என்பது என்னுடைய வேண்டுகோள். இது குட்டிகளுக்கும் குறைவானது இல்லை. செய்முறை சொல்கிறேன். தோல் நீக்கிய தொடை இறைச்சி கிலோவுக்குக் கோழி இதயம் அல்லது மாட்டு இதயம் ஒரு 150 கிராம், ஈரல் 50 கிராம். இதைக் கொஞ்சத் தண்ணீரில் மூடி போட்டு வேகவிடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் வெந்தால் போதும், குழைய வேண்டாம். உப்பு, மஞ்சள், வெங்காயம், உள்ளி எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆறியதும் சாற்றோடு அரைத்து, முட்டை ஓட்டுத் தூளையும் அவித்த முட்டை மஞ்சள் கரு ஒன்றிரண்டையும் கலந்துவிடுங்கள். அவித்த எலும்பைச் சேர்க்கவே கூடாது, கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இதுவும் முழுமையான உணவு இல்லை. அயடின், சிங்க், விற்றமின் டி, ஈ எல்லாம் இதில் பற்றாது. குட்டிக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஒரு நாளில் பாதியையாவது குட்டிகளுக்கான பைக்கற் தீனாகக் கொடுங்கள். வெந்நீரில் ஊறவைத்து இதோடு பிசைந்து கொடுத்தால் ஒரு பைக்கற் நீண்ட நாள் வரும். டோரின் குளிசை கிடைத்தால் வைத்தியரிடம் அளவு கேட்டுச் சேருங்கள்.

#17 கடற்காற்று

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் நானும் பச்சை கொடுக்கச் சொல்ல மாட்டேன். தங்கச்சி சொன்னபடியே செய்யுங்கள். பிறகு, குட்டிகள் நான்கைந்து மாதமாகிப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற காலத்தில், வீட்டுச் சூழ்நிலையும் இடம் கொடுத்தால் பச்சையைப் பற்றித் திரும்பக் கதைப்போம். அப்போது கோழி இறக்கை நுனியைப் பச்சையாகக் கடிக்கக் கொடுத்துப் பாருங்கள், பக்கத்தில் நின்றபடி. என்னுடைய எண்ணம் மாறவில்லை. ஆனால் இதயத்தையும் ஈரலையும் இப்போதே பழக்கிவிடுங்கள். இந்த வயதில் தின்னாத ருசியை வளர்ந்த பூனை ஏறெடுத்தும் பார்க்காது. கோழி மட்டும் என்று நிற்காமல் மாடு, ஆடு, மீன் என்று எல்லாவற்றிலும் ஒரு வாய் காட்டுங்கள்.

மின்சாரத்தையும் யோசியுங்கள். 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது ஃப்ரீசரில் இருந்தது எல்லாம் இளகிப்போனது. இளகியதைத் திரும்ப உறைய வைத்துப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் சேமிக்காதீர்கள். தட்டில் வைத்ததைக் குட்டிகள் தின்று முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அரை மணித்தியாலத்தில் எடுத்துக் கொட்டிவிட்டுத் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

#18 பாலையூற்று அம்மம்மா

பால் விசயம் விளங்கியது பிள்ளை, இனி வைக்க மாட்டேன். மாடித்தோட்டம் பிள்ளையின் மாமிக்காக ஒன்று சொல்கிறேன். நானும் வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டிக்கும் மச்சம் தொடாத ஆள். ஃப்ரிட்ஜில் மேல் தட்டு முழுவதும் மாமிக்கு விட்டுவிடுங்கோ. இறைச்சியை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, அதை இன்னொரு பையில் சுற்றி, அடித் தட்டில் வையுங்கோ. சட்டி, கத்தி, பலகை எல்லாம் பூனைக்குத் தனி. சமையலறைக்குள் வேண்டாம், பின்விறாந்தையில் சின்ன அடுப்பு வைத்து அவியுங்கோ. எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் நேரே போய்க் கேளுங்கோ. குட்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கோ. உயிர் வளர்க்கக் கேட்டால் எந்த மாமியும் இல்லை என்று சொல்ல மாட்டா.

#19 மாடித்தோட்டம்

அம்மம்மா, கேட்டேன். அடித் தட்டைத் தந்துவிட்டார். பின்விறாந்தையில் அவிப்பதற்கும் சம்மதம், ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் அவிக்க வேண்டாம் என்றார். வியாழனிலேயே அவித்து வைத்துவிடுவேன்.

சாம்பல் குட்டியின் மலம் இறுகிவிட்டது. பூச்சி மருந்துக்கு எல்லோரையும் நிறுத்து எழுதிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனோம், தாய்க்கும் சேர்த்துத் தந்தார். கறுப்பு இன்னும் அவித்ததைத் தொடவில்லை, ஆனால் தாயின் தட்டில் தலையை விட்டு நக்குகிறது, எடையும் ஏறுகிறது. மச்சாள் வந்துவிட்டார், மணல் தட்டுப் பக்கம் போவதில்லை.

கிண்ணியா நானாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மாட்டு இதயம் எங்கள் பக்கத்துக் கடையில் முன்கூட்டிச் சொன்னால்தான் கிடைக்கும் என்கிறார்கள். உங்களிடம் எடுக்க எந்த நாள் வசதி? நாங்கள் பாலத்தைத் தாண்டி அங்கே வரலாம்.

#20 கிண்ணியா இறைச்சிக்கடை

வாருங்கள் தங்கச்சி. நீங்கள் வியாழனில் அவிப்பதாக இருந்தால் புதன் பின்னேரம் சொல்லி வையுங்கள், வியாழன் விடிய எடுத்து வைக்கிறேன். வெள்ளி என்றால் ஜும்ஆவுக்கு முன்னால் கடை பூட்டிவிடும். ஐஸ் போட்ட பெட்டி ஒன்று கொண்டு வாருங்கள், வெறும் பையில் அந்த வெயிலில் கொண்டுபோக வேண்டாம். வெட்டித் துண்டாக்கித் தருகிறேன், அரைப்பதை வீட்டில் செய்யுங்கள்.